ஆறடி அகல ஷெட்டில் டொமினாரை நேராக நிறுத்த வீல் சாக்: தரையில் போல்ட் அடிக்கலாமா?

ஆரப்பாளையம் டொமினார் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு ஷெட்டில் வீல் சாக் (முன் சக்கரத்தை உள்ளே விட்டு வண்டியை நேராக நிறுத்தும் இரும்புத் தாங்கி) போட்டு பைக் நிறுத்துகிறவர்கள் யாராவது இருந்தால் எனக்கு வழி சொல்லுங்கள்.

எங்கள் வீடு மதுரை ஆரப்பாளையத்தில், சந்துக்குள் இருக்கிறது. முன்னால் உள்ள ஷெட் உள்ளளவு ஆறடி அகலம், பத்தரை அடி நீளம். அதில் இரண்டு வண்டி நிற்க வேண்டும். ஒன்று என் டொமினார் 400. இன்னொன்று அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல். அப்பாவுக்குப் பூ வியாபாரம். வெள்ளன, இருட்டு விலகுவதற்கு முன்பே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். மல்லிகைப்பூ சீசனில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை என்று கட்டிக்கொண்டு திரும்புவார்.

டொமினாருக்கு கம்பெனி சென்டர் ஸ்டாண்டு கொடுக்கவில்லை. சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடது பக்கம் சாய்கிறது. எக்ஸ்எல் நிற்பதும் அந்தப் பக்கம்தான். டேப் வைத்து அளந்து பார்த்தேன். வண்டி நேராக நிற்பதற்கும் சாய்ந்து நிற்பதற்கும் ஹேண்டில் முனையில் எட்டு அங்குலம் வித்தியாசம் வருகிறது. அப்பா எக்ஸ்எல்லைப் பின்னுக்கு இழுக்கும்போது அவருடைய முழங்கை என் கிளட்ச் லிவரில் இடிக்கிறது. மூட்டையோடு உள்ளே வரும்போது சாக்குப்பை ஹேண்டில் முனையில் மாட்டுகிறது. அவருக்கு 68 வயது. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நான்தான் கவனித்துச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டு வண்டியையும் இடம் மாற்றலாமே என்று கேட்பீர்கள். இடது சுவரில்தான் வீட்டு வாசல். பெரிய வண்டியை அந்தப் பக்கம் நிறுத்தினால் ஆள் நுழைய முடியாது. டொமினாரைத் திருப்பி, பின்பக்கமாக உள்ளே விட்டால் வலது சுவர்ப் பக்கம் சாயும், அதுவும் தெரியும். ஆனால் சாக்கடைக்கு மேல் போட்டிருக்கிற ரேம்ப் செங்குத்து. கிட்டத்தட்ட 190 கிலோ வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளி அதில் ஏற்ற ஒற்றை ஆளால் ஆகாது.

அதனால்தான் வீல் சாக் யோசனை. முன் சக்கரத்தை அதில் விட்டு வண்டியை வலது சுவரை ஒட்டி நேராக நிறுத்திவிட்டால் எட்டு அங்குலம் மிச்சம். என் சந்தேகங்கள் இவை. ஆன்லைனில் விற்கிற சாக் வாங்குவதா, பட்டறையில் செய்து வாங்குவதா? தரையில் போல்ட் அடித்தே ஆக வேண்டுமா? தரை பார்க்கிங் டைல்ஸ், கேட்டைப் பார்த்து லேசான வாட்டம் இருக்கிறது. அப்பா இருட்டில் வண்டி மேல் இடித்தால்கூட அது சாயாமல் நிற்குமா? கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு உறுதியான பதில் வேண்டும். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வண்டியோடு வந்து இறங்குவார்கள். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

மேலூர் ஹிமாலயன்:

நான் ரெடிமேடு சாக்தான் வைத்திருக்கிறேன், ஆடும் தட்டு உள்ள வகை. என் வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு இருக்கிறது. ஆனால் முட்டி வலி வந்த பிறகு தினமும் 199 கிலோவை ஏற்றி இறக்க முடியவில்லை. சாக் வந்ததிலிருந்து அந்த வேலையே இல்லை.

அது வேலை செய்கிற விதம் இதுதான். முன் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனால் தட்டின் மேல் ஏறும். சக்கரத்தின் கனம் நடுவைத் தாண்டியதும் தட்டு முன்பக்கம் கவிழும். அதே நேரம் தட்டின் பின்விளிம்பு டயருக்குப் பின்னால் எழும்பி நின்றுகொள்ளும். சக்கரம் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. இரண்டு பக்கமும் வளைந்த பைப் டயரைப் பிடித்துக்கொள்ளும். டக் என்று ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான், இறங்கிப் போகலாம். எடுக்கும்போது பின்பக்கமாக ஒரு வெட்டு வெட்டி இழுக்க வேண்டும்.

உங்கள் ஷெட்டில் கேட்டைப் பார்த்து வாட்டம் இருக்கிறது என்கிறீர்கள். அது வண்டியை வெளியே எடுக்க உங்களுக்குச் சாதகம். நிறுத்திய பிறகு முதல் கியரில் போட்டுவிடுங்கள், பின்வாங்காது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, பளபள டைல்ஸில் போல்ட் இல்லாமல் வைத்தால் சக்கரம் முட்டியதும் சாக்கே முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். என் வீட்டில் சொரசொரப்பான சிமெண்ட் தரை, அடியில் ரப்பர் ஷீட் போட்டதும் நின்றுவிட்டது. இன்னொன்று, உங்கள் ரேம்ப். செங்குத்தான ரேம்பில் ஆக்ஸிலேட்டர் கொடுத்துத்தான் ஏறுவீர்கள். அதே வேகத்தில் சாக்குக்குள் போகக் கூடாது. ஏறி முடித்ததும் இரண்டு காலையும் ஊன்றி வண்டியை முழுக்க நிறுத்துங்கள். அப்புறம் அரை கிளட்சில் மெதுவாக உருட்டி விடுங்கள்.

அவனியாபுரம் பட்டறை:

தம்பி, எனக்குத் தொழிலே வெல்டிங்தான். மெக்கானிக் ஷாப்களுக்கு இந்த மாதிரி ஸ்டாண்டு நிறையச் செய்து கொடுத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

வண்டி சாயாமல் நிற்குமா என்பது சாக்கின் கனத்தில் இல்லை. அது டயரை எந்த உயரத்தில் பிடிக்கிறது என்பதில்தான் இருக்கிறது. கணக்காகவே பாருங்கள். வண்டி 190 கிலோ. அதன் எடை மையம் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். யாரோ இடித்து வண்டி 5 டிகிரி சாய்கிறது. மையம் 4.4 செ.மீ. பக்கவாட்டில் நகரும். 190ஐ 4.4ஆல் பெருக்கினால் 836. சாக்கின் பிடி தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில்தான் இருக்கிறது என்றால் அந்த இடத்தில் 84 கிலோ அழுத்தம் விழும். அதே பிடி 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் 28 கிலோதான். மூன்றில் ஒரு பங்கு. தரையோடு தரையாக நாலு அங்குலம் மட்டும் கவ்வுகிற சாக்கை நம்பி சைடு ஸ்டாண்டை மடக்காதீர்கள். இரண்டு கட்டைக்கு நடுவில் சக்கரத்தைச் செருகுகிற ஏற்பாடும் அதே கதிதான். அவையெல்லாம் வண்டி உருளாமல் இருக்க உதவும், சாயாமல் இருக்க உதவாது.

உங்கள் முன் டயர் 110/70-17. அகலம் 110 மி.மீ. பக்கச் சுவர் அதில் 70 சதவீதம், அதாவது 77 மி.மீ. ரிம் 17 அங்குலம், 432 மி.மீ. மேலும் கீழும் 77 சேர்த்தால் மொத்த விட்டம் 586. பாதி 293. ஆக அச்சு தரையிலிருந்து 29 செ.மீ. சொச்சத்தில் இருக்கிறது. சாக்கின் முன்பக்க வளையம், அதாவது டயரைப் பிடிக்கிற வளைந்த பைப், அந்த உயரத்துக்கு வர வேண்டும். அங்கேதான் டயர் முன்னால் அதிகமாகத் துருத்தி நிற்கும், பிடியும் நன்றாக விழும். அதற்கு மேல் போனால் மட்கார்டின் நுனி இடிக்கும். மட்கார்டு நுனி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து அனுப்புங்கள். யாராவது உட்கார்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஆள் ஏறினால் போர்க் (முன்பக்க ஷாக் அப்சார்பர்) அமுங்கும், மட்கார்டும் சேர்ந்து இறங்கும்.

அடுத்தது பிரேக் டிஸ்க். டொமினாரின் முன் டிஸ்க் 320 மி.மீ. பாதி 160. டயரின் முன்விளிம்பு அச்சிலிருந்து 293, டிஸ்க்கின் விளிம்பு 160. இடையில் உள்ள 13 செ.மீ.தான் நமக்கு இடம். சாக்கின் பக்கவாட்டுக் கை அதற்குள் நிற்க வேண்டும். ரப்பர் உள்ள 77 மி.மீ. வரை மட்டும் கை போட்டால் போதும். ரிம்மையும் தொடாது, டிஸ்க்கையும் தொடாது. ஏபிஎஸ் சென்சார் இருக்கிற பக்கம் இரும்பே போகக் கூடாது. பொதுவாக விற்கிற சாக் எல்லா வண்டிக்கும் என்று செய்யப்படுவது, கை கொஞ்சம் நீளமாகவே இருக்கும். வாங்குவதாக இருந்தால் இதை டேப் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

இடைவெளி. டயர் 110 என்று எழுதியிருந்தாலும் ரிம் அகலம், காற்று, தேய்மானம் எல்லாம் பொறுத்து உண்மை அளவு கொஞ்சம் மாறும். இரண்டு ஸ்கேலை டயரின் இரு பக்கமும் நிறுத்தி நடுவில் அளங்கள். பக்கத்துக்கு 5 மி.மீ. விட்டுக் கைகளை வையுங்கள். அச்சு உயரத்தில் 5 மி.மீ. இடைவெளி என்றால் வண்டி ஒரு டிகிரி ஆடும். ஹேண்டில் முனையில் அது முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. அந்த அளவு ஆட்டம் இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் வண்டி உள்ளே போகாது, வெளியே வராது, டயர்தான் தேயும். உள்பக்கம் பழைய ட்யூபை வெட்டி ஒட்டிவிட்டால் சத்தமும் இருக்காது.

சாமான் என்று பார்த்தால் ஒன்றரை அங்குல சதுர பைப், 2 மி.மீ. கனம். அடிக்கு 700 கிராம் வரும். ஒரு லென்த் 20 அடி, உங்களுக்குப் பன்னிரண்டு அடி போதும். ஆக எட்டு, ஒன்பது கிலோ இரும்பு. வளையத்துக்கு மட்டும் உருண்டை பைப் வைத்து வளைக்கச் சொல்லுங்கள். சதுர பைப்பை வளைத்தால் மடிப்பு விழும், அந்த இடத்தில்தான் பின்னால் விரிசல் வரும். மூலைகளில் டேக் (புள்ளி வெல்டிங்) மட்டும் வைத்து நிறுத்திவிடாமல் சுற்றிலும் முழு வெல்டிங் அடிக்கச் சொல்லுங்கள். டயர் உரசும் பக்கம் வெல்டிங் பிசிறு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிரைண்டர் போட்ட பிறகு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். தோலில் குத்தினால் டயரையும் கீறும். அப்புறம் ரெட் ஆக்சைடு, அதற்கு மேல் பெயிண்ட்.

இப்போது தரை. போல்ட் அடிக்கலாமா என்று கேட்டீர்கள். அடிக்கலாம், ஆனால் டைல்ஸுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு ஓட்டைகூடப் போடாதீர்கள். நம்ம ஊர் வீடுகளில் முன்பக்க ஷெட்டுக்கு அடியில்தான் சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) இருக்கும். இல்லையென்றால் டிரைனேஜ் பைப் போகும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

ஆரப்பாளையம் டொமினார்:

அண்ணே, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக அளந்தேன். தம்பியை வண்டியில் உட்கார வைத்துத்தான் மட்கார்டை அளந்தேன். நுனி, தரையிலிருந்து 41 செ.மீ. இருக்கிறது. டயர் அகலம் ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் 111 மி.மீ.

நீங்கள் சொன்னது சரி. சம்ப் இருக்கிறது. மூடி ஷெட்டின் நடுவில், அதை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் தொட்டி எதுவரை போகிறது என்று தெரியாது. அம்மாவைக் கேட்டேன். மூடியிலிருந்து பின்சுவர் வரை நீள்கிறது, வீடு கட்டும்போது பின்சுவரை ஒட்டித்தான் தோண்டினோம் என்றார். அதாவது சாக் வர வேண்டிய இடத்துக்கு நேர் கீழே தண்ணீர். குடிக்கிற தண்ணீரும் அதில்தான் இறங்குகிறது.

பின்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பூச்சுப் பூசியது. இனி என்ன செய்யலாம்?

எஸ்.எஸ். காலனி டீச்சர்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ட்ரையம்ப் ஸ்பீட் 400 ஓட்டுகிறேன். அபார்ட்மெண்ட் தரைத்தள பார்க்கிங்கில் எனக்குக் கிடைத்த இடம் ஒரு தூணுக்கும் சுவருக்கும் நடுவில். அதனால் சாக் வைத்துத்தான் நிறுத்துகிறேன். முன் டயர் உங்கள் அளவேதான், 110/70-17. இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சாக்கில் நிற்கும்போது முன் சக்கரம் நேராக இருக்கும். ஹேண்டில் லாக் போட வேண்டும் என்றால் ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்ப வேண்டும். அது முடியாது. அதாவது வீல் சாக்கில் நிறுத்தும் எந்த நாளும் உங்கள் வண்டிக்கு ஹேண்டில் லாக் இல்லை. உங்கள் அப்பா இருட்டோடு கேட்டைத் திறந்து வெளியே போகிறார். அதற்குப் பிறகு கேட்டை உள்ளிருந்து யார் பூட்டுகிறார்கள்? அதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நான் முன் சக்கரத்தில் சங்கிலி கோத்து, சாக்கின் வளையத்தோடு சேர்த்துப் பூட்டுகிறேன். சாக் தரையோடோ சுவரோடோ பிணைந்திருந்தால்தான் அந்தப் பூட்டுக்கு அர்த்தம். இல்லையென்றால் பின் சக்கரத்துக்கு டிஸ்க் லாக் போடுங்கள். டிஸ்க் லாக் போட்டால் ஹேண்டிலில் ஒரு சிவப்புத் துணி கட்டி வையுங்கள், பூட்டு இருக்கிற நினைப்பில்லாமல் வண்டியை இழுத்தால் டிஸ்க், காலிப்பர் இரண்டுக்கும் சேதம்.

எங்கள் பில்டிங்கில் சின்னப் பிள்ளைகள் பார்க்கிங்கில்தான் விளையாடுவார்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கிற வண்டி மேல் பிள்ளைகள் வலது பக்கமிருந்து தள்ளினால் ஸ்டாண்டு தாங்கும், இடது பக்கமிருந்து தள்ளினால் வண்டி வலது பக்கம் கவிழ்ந்துவிடும். சாக்கில் இரண்டு பக்கமும் ஒரே பிடி. அதற்காகவே எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் சாக்கில் இருந்தாலும் சைடு ஸ்டாண்டை நான் மடக்குவதில்லை. கீழே இறக்கியே வைக்கிறேன், தரையைத் தொடாது, ஆனால் வண்டி இடது பக்கம் சாய ஆரம்பித்தால் போய் ஊன்றிக்கொள்ளும். உங்கள் அப்பா நடக்கும் வழியில் ஸ்டாண்டு நீட்டிக்கொண்டு கால் தடுக்குமா என்று மட்டும் பாருங்கள். தடுக்கும் என்றால் மடக்கிவிடுங்கள், அவர் கால்தான் முக்கியம்.

திருநகர் மெக்கானிக்:

பின்பக்கம் ஒரு பேடக் ஸ்டாண்டு (பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு) போதாதா என்று சிலர் கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பேடக் ஸ்டாண்டில் வண்டி நேராகத்தான் நிற்கும். ஆனால் ஆறடி ஷெட்டில் தினமும் ஒற்றை ஆள் ஒரு கையால் வண்டியைப் பிடித்து மறு கையால் ஸ்டாண்டை அமுக்குவது சரிப்படாது. ஸ்டாண்டின் கைப்பிடி வேறு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

சாக்கும் பேடக் ஸ்டாண்டும் சேர்ந்தால்தான் அருமை. முன் சக்கரம் சாக்கில் பிடிபட்டிருக்கும்போது பின்னால் தூக்க இன்னொரு ஆள் வேண்டாம். செயின் கழுவுவது, எண்ணெய் போடுவது எல்லாம் தனியாக முடியும். ஆயில் பார்க்கும் கண்ணாடி உள்ள வண்டிகளுக்கும் நேராக நிற்பது நல்லது, சைடு ஸ்டாண்டில் சாய்ந்த நிலையில் பார்க்கிற அளவு தப்பாகக் காட்டும். வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்றால் மட்டும் காற்றைக் கவனியுங்கள். சாக் டயரின் பாரத்தைக் குறைக்காது, நிற்கும் பாரம் முழுக்க டயர் மேலேயேதான் இருக்கும்.

அவனியாபுரம் பட்டறை:

தம்பி, அம்மாவைக் கேட்டது நல்ல காரியம். சம்ப் மூடியிருக்கிற சிலாபில் ஓட்டை போடவே வேண்டாம். அது தரை இல்லை, தொட்டியின் கூரை. கனம் நாலைந்து அங்குலம் இருந்தால் அதிகம், உள்ளே கம்பி ஓடுகிறது. டிரில் கம்பியில் பட்டாலும் கெடுதல், பக்கத்தில் போனாலும் கெடுதல். ஓட்டை வழியாக வண்டி கழுவிய தண்ணீரும் எண்ணெயும் குடிதண்ணீரில் இறங்கும். கம்பி துருப்பிடித்தால் சிலாப் உரிய ஆரம்பிக்கும். எவ்வளவு சின்ன போல்ட் என்றாலும் வேண்டாம்.

உங்களுக்குப் பின்சுவர் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்வோம். சாக்கின் அடிச்சட்டத்தைப் பின்சுவர் வரை நீட்டி, முனையில் ஒரு ஆங்கிளை (எல் வடிவ இரும்பு) நிற்க வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். ஆங்கிளில் நாலு ஓட்டை, தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் இரண்டு, கீழே இரண்டு. அதைச் சுவரில் 10 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் இறுக்க வேண்டும். வண்டி முன்னால் முட்டினால் தள்ளுவது சுவரை, அதனால் வழுக்காது. பக்கவாட்டில் சாய்ந்தால் அடிச்சட்டமும் சுவரும் சேர்ந்து தாங்கும்.

சுவரில் ஓட்டை போடும்போது கவனம் வேண்டும். பூச்சுக்கு உள்ளே செங்கல் எங்கே, சாந்து எங்கே என்று வெளியே தெரியாது. முதலில் மெல்லிய பிட் போட்டுப் பாருங்கள். உதிர்ந்து வருகிற தூள் சிவப்பாக இருந்தால் செங்கல், சாம்பல் நிறமாக இருந்தால் சாந்து. சாந்தில் போல்ட் நிற்காது, ஓட்டையை ஓரங்குலம் நகர்த்துங்கள். ஆங்கிளில் ஓட்டைகளை வட்டமாகப் போடாமல் நீளவாக்கில் போடச் சொல்வது இதற்காகத்தான். எந்த அளவு பிட் என்பதை போல்ட் டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள், 10 மி.மீ. போல்ட்டுக்கு 10 மி.மீ. பிட் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், வகைக்கு வகை மாறும். ஓட்டை போட்டதும் உள்ளே இருக்கிற தூளை ஊதி வெளியேற்றுங்கள். தூளோடு அடித்தால் போல்ட் இறுகின மாதிரி இருக்கும், ஆனால் பிடித்திருக்காது. அப்புறம் அந்தச் சுவரில் மோட்டார் சுவிட்சுக்கு வயர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்து, மெயினை அணைத்துவிட்டு டிரில் போடுங்கள்.

அடிச்சட்டம் இரண்டடி அகலம் வரட்டும். அதற்கு மேல் வேண்டாம், அப்பா நடக்கிற வழிக்குள் வந்துவிடும். அகலம் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். முன்னே இரண்டடி இருந்தாலும் பின் சக்கரம் ஒரே இடத்தில்தான் ஊன்றுகிறது. வண்டியின் நடுப்பகுதியில் கிடைக்கிற தாங்கல் ஓரடிதான். வெறும் தரையில் வைத்தாலே அது பதினாறு டிகிரி சாயும் வரை கவிழாது. நாம் சுவரோடும் பிடித்துவிடுகிறோம். அப்பா இருட்டில் தோள் பட்டு இடித்தால் வண்டி ஒரு டிகிரி ஆடிவிட்டு நிற்கும். இது உங்கள் கேள்விக்கு என் உறுதியான பதில்.

சட்டத்துக்கு அடியில் 5 மி.மீ. ரப்பர் ஷீட் போடுங்கள், டைல்ஸ் கீறாது. சட்டத்தின் இடது மூலையைச் சதுரமாக விடாமல் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள், கால் பட்டாலும் காயம் ஆகாது. அந்த மூலையில் மட்டும் மஞ்சள் பெயிண்ட் அடியுங்கள். டீச்சர் சொன்ன சங்கிலிக்கு, வளையத்தின் அடியில் 10 மி.மீ. கம்பியில் ஒரு கொக்கி வெல்டிங் அடித்துத் தருவார்கள், கேளுங்கள். சம்ப் மூடி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் மூடியை மறைத்துவிட்டால் தொட்டி கழுவுகிற நாளில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆரப்பாளையம் டொமினார்:

மூடியிலிருந்து பின்சுவர் வரை நாலே கால் அடி. சாக்கும் முன் சக்கரமும் அதற்குள் அடங்கும், மூடி வண்டியின் வயிற்றுக்குக் கீழே வருகிறது. வண்டியை வெளியே எடுத்தால் திறக்கலாம். மோட்டார் வயர் இடது மூலையில் இறங்குகிறது, நாம் ஓட்டை போடுவது வலது பக்கம். அப்பா போனதும் கேட்டை அம்மா உள்ளே பூட்டுகிறார், இருந்தாலும் சங்கிலியும் போடுகிறேன். சைடு ஸ்டாண்டு அப்பா வழியில் நீட்டுகிறது, அதனால் மடக்கிவிடுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஆடும் தட்டு வேண்டுமா, வெறும் பள்ளம் மாதிரி அடிச்சட்டம் போதுமா? பட்டறையில் தட்டு வைத்தால் கூலி கூடும் என்கிறார்கள்.

அவனியாபுரம் பட்டறை:

கூலியைப் பார்க்காதீர்கள், தட்டு வையுங்கள். வெறும் பள்ளத்தில் சக்கரம் நின்றால், உங்கள் தரை வாட்டத்துக்கு வண்டி பின்னால் உருளப் பார்க்கும். கியரில் போட மறந்த ஒரு நாள் போதும். தட்டின் பின்விளிம்பு டயரைத் தடுத்துக்கொள்ளும். தட்டு ஆடுகிற அச்சுக்கு 12 மி.மீ. போல்ட், இரண்டு பக்கமும் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு). சாதா நட்டு ஆட்டத்தில் கழன்றுவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை கிரீஸ் தொட்டு வையுங்கள்.

மேலூர் ஹிமாலயன்:

பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை வண்டியை ஏற்றிப் பார்க்க ஆசை இருந்தால் மேலூர் பக்கம் வாருங்கள் தம்பி. என் சாக்கில் தட்டை 17, 19, 21 அங்குலத்துக்கு மாற்றலாம், இரண்டு போல்ட்தான். தட்டு எந்த உயரத்தில் கவிழ்கிறது, பின்னால் இழுக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று கையில் பார்த்துவிட்டால் பட்டறையில் சொல்வது சுலபம். டேப் எடுத்துக்கொண்டு வாருங்கள்.